பழைய மரத்தளம்: பெயர்ப்பதா, புதுப்பிப்பதா?

மொன்றியலில் பழைய வீடொன்றை வாங்கும் நம்மவர் பலர், சாவி கைக்கு வந்த கிழமையே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். கீறல் விழுந்து, கறுத்து, மிதித்தால் கிறீச்சிடும் மரத்தளத்தைப் பெயர்த்தெறிந்து புதியது போடுவதா? அன்றி, தேய்த்து மெருகூட்டிப் பாவிப்பதா? வீடு குடிபூரலுக்கு நாலு பேர் வருகையில் தளம் பளபளக்க வேண்டுமென்ற ஆசை இயல்பானதே. ஆயினும் அதற்காகக் கடன்படுமுன் சற்று ஆராய்தல் நன்று.

பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டே நேஜ் போன்ற பகுதிகளின் இரண்டு, மூன்றடுக்கு வீடுகளிற் பல சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தவை. மேப்பிள், பேர்ச், ஓக் முதலிய வைரமரப் பலகைகளை அவற்றிற் காணலாம். இவற்றுள் மஞ்சள் பேர்ச், 1993 முதல் கியூபெக் மாகாணத்தின் சின்னமாகவே விளங்கும் மரமாகும்.

முழுமரப் பலகை பொதுவாக முக்கால் அங்குலத் தடிப்புடையது. பலகைகளை ஒன்றோடொன்று கொளுவும் நாக்கிற்கு மேலே ஏறத்தாழக் கால் அங்குல மரம் உண்டு. முறையாகத் தேய்த்தால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே குறையும். எனவே இத்தகைய தளம் பல தடவை புத்துயிர் பெறவல்லது.

முதலில், வெப்பக்குழாய் தளத்தை ஊடறுக்கும் துவாரத்திலோ வாசற்படி ஓரத்திலோ தடிப்பை அளந்து பாருங்கள். ஆணித்தலைகள் வெளித்தெரிந்தால், அல்லது பலகை விளிம்புகள் சிம்பு சிம்பாக உடைந்தால், மேலும் தேய்க்க மரமில்லை என்பதே பொருள். தளத்திற் சில துளி நீர் விடுங்கள். அது முத்தாக நின்றால் பூச்சு இன்னும் பழுதடையவில்லை. இலேசாக உரசி, மேற்பூச்சொன்று பூசினாலே போதும். குளிர்காலத்தில் பலகைகளிடையே தோன்றும் நீக்கலைக் கண்டு அஞ்சவேண்டாம். வெப்பமூட்டலால் வீட்டுக் காற்று உலர மரம் சுருங்குகின்றது. கோடையில் அது தானே மூடிக்கொள்ளும்.

ஊரில் ஓட்டுக்கூரை ஒழுகினால் நாம் என்ன செய்தோம்? ஓட்டைப் பிரித்து, உக்கிய சிலாகையை மட்டும் மாற்றி, நல்ல ஓடுகளையே மீண்டும் அடுக்கினோம். இங்கும் அதுவே முறை. பழுதான பலகைகள் சிலவாயின் அவற்றை மட்டும் மாற்றலாம். தாங்கும் மரச்சட்டங்கள் உக்கித் தளம் தாழ்ந்திருந்தாலோ, மேலே மெல்லிய மரத்தோல் மட்டும் ஒட்டிய பலகையாக இருந்து அதுவும் தேய்ந்துவிட்டாலோ, புதியது போடுவது தவிர்க்கவியலாதது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1960 இற்கு முற்பட்ட வீடுகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்; தளத்தின்மேல் ஒட்டிய பழைய ஓடுகளிலும் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பரிசோதியாது தேய்க்கவோ பெயர்க்கவோ முற்படலாகாது. அத்தூசு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெருந்தீங்கு விளைவிக்கும்.

வேலைக்கு வருபவர் "எல்லாவற்றையும் கழற்றுவோம்" என்று சொன்னவுடன் தலையாட்டிவிடாதீர்கள். புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் தனித்தனியே, எழுத்தில், குறைந்தது இருவரிடம் விலை கேளுங்கள். புதுப்பித்தல் பெரும்பாலும் மிகக் குறைந்த செலவிலேயே முடியும். இரவு வேலை செய்து, ஊரிலுள்ள உறவுகளுக்கும் அனுப்பி, எஞ்சியதைச் சேர்த்தே நம்மவர் வீடு வாங்குகின்றனர். தேய்த்தால் மிளிரும் தளத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு அந்த இடத்திற் கடனை விரிப்பது அறிவுடைமையாகாது என்பதே நமது கருத்து.