கடனுக்கு முழு ஆள், காணிக்கு அரை ஆளா?

யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பெயரில் காணி உண்டு, வீடு உண்டு, கிணற்றிற் பங்கும் உண்டு. பனங்காணியும் வயற்காணியும் சீதன உறுதியில் அவள் பெயருக்கே எழுதப்பட்டுள்ளன. இதைச் சொல்லிச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்கிறோம். “உலகெங்கும் பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லாதிருந்த காலத்திலேயே எங்கள் பெண் காணியுடையவளாய் வாழ்ந்தாள்” என்று மேடைதோறும் முழங்குகிறோம். நல்லது. ஆனால் அந்தக் காணியை ஈடு வைக்கவோ விற்கவோ அவள் ஒருத்தியின் ஒப்பம் போதுமா? போதாது. கணவன் எழுத்தில் இசைவு தந்தாலன்றி அவள் போடும் ஒப்பம் செல்லாது. பெட்டகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் திறப்பை மற்றொருவர் மடியிற் செருகிவைத்திருக்கும் இம்முறையைத்தான் நாம் பெருமை என்று பேசிவருகிறோம்!

சட்டம் யாது சொல்கிறது என்பதைத் தெளிவாக நோக்குவோம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமை (யாழ்ப்பாணம்) கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனைவியின் ஆதனம் அவளுடைய தனி ஆதனம் என்று கூறுகிறது. அது கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது என்றும் கூறுகிறது. அசையும் ஆதனத்தை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். இறுதி விருப்பாவணத்தால் எதையும் எவருக்கும் விடலாம். ஆனால் உயிரோடிருக்கும் காலத்தில் அசையாத ஆதனத்தைக் கைமாற்ற வேண்டுமாயின் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் இசைவு வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே மணவறையில் அமர்ந்த இருவருக்கு இரண்டு நீதி!

இதன் விந்தையை இன்னும் கேளுங்கள். மணமாகாத பெண் இருபத்தைந்து வயதில் தன் காணியைத் தானே விற்கலாம். கைம்பெண்ணும் விற்கலாம். இடைப்பட்ட காலத்தில் மட்டுமே அவளுடைய ஒப்பத்துக்கு வலுவில்லை. தாலி ஏறியபோது பறிபோன அதிகாரம் தாலி இறங்கும்போதுதான் திரும்பி வருகிறது. இதனினும் கொடிய நகைச்சுவை உண்டோ?

அதே கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்படாத பெண் ஒருத்தி தேசவழமைக்குட்பட்டவனை மணந்தால் அவளும் அதற்குட்படுகிறாள். நம் பெண் வெளியாள் ஒருவனை மணந்தால் அதிலிருந்து விடுபடுகிறாள். ஆகவே மட்டக்களப்புத் தமிழ்ப்பெண் யாழ்ப்பாணத்தானுக்கு மாலையிட்ட அன்றே தன் அதிகாரத்தை இழக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெண் வெளியானுக்கு மாலையிட்ட அன்றே அதைப் பெறுகிறாள். நம் இனத்தானை மணப்பதற்குச் சட்டம் விதிக்கும் தண்டம் இது என்று ஒருவன் சொன்னால், நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

இலங்கையின் பொதுச் சட்டத்தில் இக்கட்டு நூறாண்டுக்கு முன்னரே அறுந்தது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் திருமணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், உரோமன்-ஒல்லாந்தச் சட்டம் கணவனுக்குத் தந்திருந்த மேலாண்மையை ஒழித்தது. கரையோரச் சிங்கள மாது விடுபட்டாள். பொதுச் சட்டத்துக்குட்பட்ட தமிழ் மாதும் விடுபட்டாள். தேசவழமைக்குட்பட்டோரோ அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அன்று விலக்கப்பட்ட பெண் இன்றும் வாசலில் நிற்கிறாள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையில் பால் காரணமாகப் பாகுபாடு கூடாதென்று கூறிவிட்டு, 16ஆம் உறுப்புரையில் பழைய சட்டங்களெல்லாம் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயிருப்பினும் செல்லும் என்று கூறுகிறது. முன்வாசலால் அழைத்துப் பின்வாசலால் அனுப்பும் அரசியலமைப்பு!

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. புங்குடுதீவு இறுப்பிட்டியில் வாழும் ஒரு குடும்பப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். சீதனமாய் வந்த காணியும் அதில் நிற்கும் பனைகளும் அவளுடையவை. பனம்பண்டங்களைச் செய்து நகருக்கு அனுப்ப ஒரு சிறு கொட்டகையும் உலர்த்தும் கருவியும் அவளுக்கு வேண்டும். வங்கிக்குப் போகிறாள். “காணியை ஈடு வையுங்கள், கணவரின் ஒப்பம் கொண்டுவாருங்கள்” என்கிறார் அதிகாரி. கணவன் கடல் கடந்த நாட்டில் உழைக்கிறான். அற்றோர்ணித் தத்துவம் எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். அவன் விசாவின்றி ஒளிந்து வாழ்பவனாயின் தூதரக வாசலை எங்ஙனம் மிதிப்பான்? கணவன் பிரிந்து சென்று வேறு குடித்தனம் நடத்துபவனாயின், அவனிடமே போய்க் கைகட்டி நிற்பாளா?

“8ஆம் பிரிவு இருக்கிறதே” என்பர் என் தொழில்சார்ந்த நண்பர்கள். உண்மை. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நீண்ட சிறைத்தண்டனை அனுபவித்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ, நியாயமின்றி இசைவை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அவ்விசைவை வழங்கலாம். ஆனால் மனு எழுதுவதற்கு யார் பணம்? தவணைக்குத் தவணை அலைவதற்கு யார் நாள்? நெடுந்தீவுப் பெண் விடியப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடித்து நகருக்கு வரவேண்டும். போரிலே கணவன் காணாமற் போனவளின் நிலையோ சொல்லுந்தரமன்று. 2016இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனமைச் சான்றிதழ் அவளுக்குக் கிடைக்கலாம். ஆயினும் அவனை இறந்தவன் என்று ஒப்பமிட அவள் நெஞ்சு இடந்தராத வரை, சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே. தன் காணிக்குத் தானே அதிகாரி என்று காட்டுவதற்கு, கணவன் எங்கே என்று அரசைக் கேட்டு நிற்பவளிடமே அக்கேள்வியை நீதிமன்றம் திருப்பிக் கேட்கிறது.

இனி இந்நாணயத்தின் மறுபக்கத்தைத் திருப்புவோம். வங்கி வாசல் அடைபட்டபோது வீட்டு வாசலில் வந்து நின்றவர் யார்? நுண்கடன் நிறுவனத்தார்! அவர்கள் உறுதி கேட்கவில்லை; கணவனின் ஒப்பத்தையும் சட்டம் வேண்டவில்லை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும். கிழமைதோறும் தவணை. 2018இல், வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்கவேண்டி வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி அக்கடனுக்கு 35 வீதம் என்று ஆண்டுவட்டிக்கு உச்ச எல்லை வகுத்தது. எல்லையே முப்பத்தைந்தாயின், எல்லைக்கு முன் இருந்த கொள்ளை எத்தகையது என்பதை யாம் விரிக்கவேண்டுவதில்லை.

ஈடின்றி, கொடிய வட்டிக்குக் கடன்படுவதற்கு நம் பெண் முழு ஆள். தன் காணியை ஈடு வைத்துக் குறைந்த வட்டிக்கு முதல் பெறுவதற்கு அவள் அரை ஆள். அவளைக் காக்கவே கணவனின் இசைவு என்று சொல்லும் பெரியோரே! இந்தக் காவல் எந்தக் கள்வனைத் தடுத்தது? முன்கதவைப் பூட்டி வேலியை வெட்டிவிட்ட காவல் அன்றோ இது?

ஆபிரிக்காவைப் பாருங்கள். தென்னாபிரிக்காவிலும் நம்மிடமிருந்த அதே உரோமன்-ஒல்லாந்தச் சட்டம், அதே கணவன் மேலாண்மை. 1984இல் தொடங்கிப் படிப்படியாக வெட்டி 1993இல் அதனை முற்றாக ஒழித்தார்கள். நமீபியா 1996இல் ஒழித்தது, பொற்சுவானா 2004இல், இலெசோத்தோ 2006இல். எசுவாத்தினி நாட்டில் 2019இல் உயர் நீதிமன்றமே அதனை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. “பின்தங்கிய கண்டம்” என்று நம்மவர் வாய்கூசாது பேசும் நாடுகள் இவை!

சட்டத்தளை அறுந்த நாட்டிலே என்ன நிகழ்ந்தது? 1994இல் தென்னாபிரிக்காவில் உலூயிசா மொயெலா, குளோரியா செரோபே, வெண்டி லுகாபே, நொம்லே கான்கா என்னும் நால்வர் விப்கோல்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தை நிறுவினர். ஆயிரக்கணக்கான பெண்களைப் பங்குதாரராக்கினர். 1999இல் அது யொகன்னசுபேக் பங்குச் சந்தையில் ஏறியது. பின்னர் நைசீரியாவின் தொக்குன்போ இசுமாயிலும் தென்னாபிரிக்காவின் போலோ இலெத்தேக்காவும் தலைமை தாங்கிய அலித்தியா நிதியம், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கென்றே 100 மில்லியன் டொலர் திரட்டியது. அவர்கள் கொடுப்பது கடனன்று, பங்கு முதல். தொழில் வென்றால் இலாபத்தில் பங்கு. தோற்றால் இழப்பிலும் பங்கு. கிழமைத் தவணைக்காரன் வாசலில் வந்து நிற்பதில்லை.

இவற்றைச் சொல்வதால் வெளிநாட்டுப் பணமெல்லாம் அருட்பணம் என்று நாம் மயங்கவில்லை. முதலீட்டாளன் ஆதாயத்தை நாடியே வருகிறான். பெண் என்ற பெயரை விளம்பரப் பலகையாக்குவோரும் அவருள் உளர். எனினும் பிறர் முதலைப் பங்காகப் பெறுபவள், தன் பங்குக்குத் தன் சொத்தை எதிர்நிறுத்த வல்லவளாயிருந்தாலன்றோ சரியாசனத்தில் அமர்ந்து பேரம் பேசமுடியும்? கையிற் காணியிருந்தும் வெறுங்கையளாய்ப் போய் நிற்பவளுக்குக் கிடைப்பது பங்கன்று, பிச்சை.

தடை சொல்வோர் இருவகையினர். தேசவழமை நம் தனித்துவம், அதைத் தொடாதே என்பர் ஒருசாரார். 1707இல் ஒல்லாந்தர் அதனை ஏட்டிலெழுதினர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு தந்தனர். 1911இல் அவரே அதனை மாற்றினர். 1947இல் தேடியதேட்டத்தின் இலக்கணம் மீண்டும் மாறியது. வெள்ளையன் கைபட்டபோது கெடாத தனித்துவம், நம் பெண்களுக்கு நீதி செய்ய நம் கைபட்டால் மட்டும் கெட்டுவிடுமோ? பெண்ணுக்குச் சொத்து என்னும் தேசவழமையின் உயிர்நாடி தழைக்கவேண்டுமாயின் இந்தக் களையைப் பிடுங்கத்தான் வேண்டும்.

காணியை ஈடு வைத்துப் பெண் ஏமாந்துபோவாள் என்பர் மறுசாரார். வங்கி ஏலங்கூறும் இடர் உண்டுதான். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே ஏலம்போட வல்லன. ஆனால் இவ்விடர் ஆணின் காணிக்கும் உண்டே! குடியிருக்கும் வீட்டைக் காக்கவேண்டுமாயின், அது எவர் பெயரில் இருந்தாலும் கணவன் மனைவி இருவரின் இசைவும் வேண்டும் என்று விதியுங்கள். அதுவே காவல். ஒருவருக்கு மட்டும் போடப்படுவது விலங்கு.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, 6ஆம் பிரிவிலுள்ள கணவனின் இசைவு என்னும் நிபந்தனை நீக்கப்படவேண்டும். சாதாரண சட்டமூலம் ஒன்றே இதற்குப் போதும். நம் வாக்குப் பெற்றுச் சென்ற பாராளுமன்ற உறுப்பினர் எவரும் தனியார் சட்டமூலமாகவே இதனைக் கொண்டுவரலாம். இரண்டாவது, அச்சட்டம் வரும்வரை காத்திராது, இன்றே செய்யக்கூடியதைச் செய்யவேண்டும். கம்பனிப் பங்கும் கூட்டுறவுப் பங்கும் அசையும் ஆதனம். அவற்றை வாங்கப் பெண்ணுக்கு எவர் இசைவும் தேவையில்லை. சீட்டுப் பிடித்துப் பல்லாண்டு பழகிய நம் மாதர், அந்தச் சீட்டுப் பணத்தைத் தீவகத்துக்கென ஒரு கூட்டுறவு முதலாக்கி, அதன் நிருவாகத்தையும் தம் கையில் வைத்திருக்கட்டும். மூன்றாவது, கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் வாழும் தீவக மக்கள் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தக் கை அந்த முதலுக்கும் பங்காக நீளவேண்டும், நன்கொடையாக வேண்டாம்.

வேட்பாளர்கள் தீவகத்துக்கு வரும்போது குறிகட்டுவான் வீதியைப் பற்றிக் கேளுங்கள். குடிநீரைப் பற்றிக் கேளுங்கள். அவற்றோடு இதையும் கேளுங்கள்: “எங்கள் மகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் காணிக்கு அவள் அதிகாரியா, காவற்காரியா?” விடை சொல்லத் தயங்குபவருக்கு வாக்களிக்கத் தயங்குங்கள். மகளுக்குச் சீதன உறுதி எழுதும் தந்தை ஒவ்வொருவரும், நொத்தாரிசின் மேசையில் ஒப்பமிடும் கணத்தில், தாம் உடைமையை மட்டுமே கொடுக்கிறோம், அதிகாரத்தைச் சட்டம் மருமகன் கையில் வைக்கிறது என்பதை உணரட்டும். உணர்ந்த தந்தையர் ஆயிரவர் திரண்டால், நூறாண்டு கடந்த இப்பிரிவு ஒரு கூட்டத்தொடரையும் தாண்டாது!