ஒரே ஆணையில் இரண்டு பெயர்கள்



கறுப்பு அங்கி, சுருள் சுருளான வெள்ளை டோபா. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்ற உடுப்பு அது. கேமரூன் நாட்டின் பமெண்டா நகரத்து வக்கீல்கள் 2016 நவம்பரில் அந்த உடுப்போடுதான் தெருவில் இறங்கினார்கள். காவலர்கள் அவர்களை அடித்து விரட்டியதோடு, அங்கியையும் டோபாவையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அப்படி என்ன கேட்டுவிட்டார்கள்? ஆங்கிலச் சட்டமுறையும் ஆங்கிலமும் தெரிந்த நீதிபதிகளை அனுப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு மட்டுமே தெரிந்த நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதாடி என்ன பயன்? ஆசிரியர்களும் பள்ளிகளைப் பற்றி இதே குறையைச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓர் இளைஞர் சவப்பெட்டிக்குள் நின்றுகொண்டு, ஊர்ச் சாலைகளின் சீர்கேட்டைப் பற்றிப் பேசினார். பிறகு ராணுவ நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது.

கேமரூனின் பத்து மண்டலங்களில் இரண்டுதான் ஆங்கிலம் பேசுபவை. 1961-ல் கூட்டாட்சி என்ற உறுதியை நம்பி, பிரெஞ்சு பேசும் மற்றப் பகுதியோடு சேர்ந்தவை. 1972-ல் கூட்டாட்சியே ஒழிக்கப்பட்டது. அந்த மனக்குறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனன்றுகொண்டிருந்தது.

2017 ஜனவரி 17 அன்று அரசு பிறப்பித்த ஆணையை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. தனிநாடு கேட்ட ஓர் அமைப்பையும், வக்கீல்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய கூட்டமைப்பையும் ஒரே ஆணையில் தடை செய்தார்கள். இரண்டாவது அமைப்பு கேட்டது கூட்டாட்சி. அதாவது, சேர்ந்து வாழ ஒரு வழி. அன்றே அதன் தலைவர்கள் கைதானார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், ராணுவ நீதிமன்றம். இரண்டு மண்டலங்களிலும் 93 நாள் இணையம் கிடையாது. 'பிரிவினைவாதி' என்று யாரைச் சொல்லலாம், யாரைச் சொல்லக்கூடாது என்ற கோட்டை அரசே தன் கையால் அழித்தது என்றுதான் நான் சொல்வேன்.

ஏழு மாதம் கழித்து அந்தத் தலைவர்கள் வெளியே வந்தார்கள். அதற்குள் பேச்சு வேறு ஆட்களின் கைக்குப் போய்விட்டது. அக்டோபர் 1 அன்று 'அம்பசோனியா' என்ற தனிநாடு அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிகள் வந்தன. இதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கின்றன.

துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. பள்ளிகளைத் திறக்கக்கூடாது என்று மிரட்டினார்கள், மீறிய ஆசிரியர்களைக் கடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் பாடம் வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய போராட்டம் அது. அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கே பூட்டு விழுந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் வகுப்பறையைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்