குறை யார் கண்ணில்?

மக்களே, இது கதை இல்லை, நிஜம். 1995-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் டிவி நிருபராக இருந்தவர் ஜூலி சென், சீன வம்சாவளி. செய்தி வாசிக்க வாய்ப்பு கேட்டார். "உன் கண்ணைப் பார்த்தால் ஆர்வமே இல்லாத மாதிரி இருக்கு" என்கிற ரீதியில் பதில் சொன்னாராம் மேலதிகாரி! ஜூலி இமையில் ஆபரேஷன் செய்துகொண்டார். 2013-ல்தான் இதை டிவியில் வெளியே சொன்னார்.

மேல் இமையில் ஒரு மடிப்பு உண்டாக்குவார்கள், அவ்வளவுதான். வெட்டியும் செய்யலாம், தையல் மட்டும் போட்டும் செய்யலாம். இமை தொங்கிப் பார்வையை மறைத்தால் செய்வது வேறு, அது வைத்தியம். இது அழகுக்காக.

அழகுக்கு என்ன விலை? இரண்டு கண்ணும் ஒரே மாதிரி அமையாமல் போகலாம். தழும்பு நிற்கலாம். கண் வறண்டு போகலாம், இமை முழுசாக மூடாமல் போகலாம். மிக மிக அரிதாகப் பார்வையே போகலாம்.

செய்துகொண்டவர்களை நான் திட்டவில்லை. அவரவர் முகம், அவரவர் இஷ்டம். ஆனால் குறை சொன்னவர் நிம்மதியாக நாற்காலியில் இருக்க, எந்தக் குறையும் இல்லாதவர் ஆபரேஷன் டேபிளில் படுப்பது என்ன நியாயம்?

யாராவது இதைப் பற்றி யோசித்தால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் உங்களையே கேளுங்கள்: இது என் ஆசையா, எவனோ சொன்னதா?