கதவுதோறும் கப்பம்!

"வருக, வருக!" என்று கை நீட்டி அழைக்கின்றன வளமிக்க நாடுகள். முதியோர் பெருகிவிட்டனர், மருத்துவமனைகளிலே ஆளில்லை, உங்கள் செவிலியரை அனுப்புங்கள் என்கின்றன. அழைப்பை நம்பிப் புறப்படுகிறாள் நம் வீட்டுப் பெண். வாயிலை அடைந்த பிறகே தெரிகிறது அவளுக்கு, நீண்ட கை வரவேற்கும் கையல்ல, வரி கேட்கும் கை என்பது!

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே பணியாற்ற, அந்நாட்டுச் செவிலியர் குழுமத்தின் பதிவேட்டிலே பெயர் ஏற வேண்டும். நான்காண்டு படித்துப் பெற்ற பட்டம் இருக்கட்டும், நம் மாநிலக் குழுமத்தின் பதிவு இருக்கட்டும், நோயாளிகளோடு கண்விழித்த இரவுகள் இருக்கட்டும். அத்தனைக்கும் பிறகுதான் தொடங்குகிறது படலம். முதலில் ஆங்கிலத் தேர்வு. படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் ஒன்பதுக்கு ஏழு, எழுத்திலே ஆறரை. 2018 வரை எழுத்திலும் ஏழு கேட்டார்கள். அரை மதிப்பெண் குறைந்தால் மீண்டும் பணம், மீண்டும் தேர்வு. அது முடிந்தால் கணினித் தேர்வு. கடல் கடந்து சென்ற பின்னர் செயல்முறைத் தேர்வு. அதற்கென விதித்த கட்டணம் மட்டும் 794 பவுன். நம் நாணயத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், பதிவுக்கு ஒரு கட்டணம், விசாவுக்கு ஒரு கட்டணம். கதவுதோறும் கப்பம்!

"பலவற்றை மருத்துவமனையே கட்டிவிடுகிறதே" என்பர் சிலர். கட்டுகிறது, பல இடங்களில். கட்டிய கையோடு ஓர் ஒப்பந்தத்தையும் நீட்டுகிறது: குறித்த காலத்துக்கு முன் விலகினால் செலவைத் திருப்பித் தா! ஆயிரக்கணக்கான பவுன் கேட்டு மிரட்டப்பட்ட செவிலியர் உண்டு என்று 2022-இல் அந்நாட்டு ஏடுகளே எழுதின. ஆளெடுக்கும் தரகர் செவிலியரிடம் கட்டணம் வாங்கலாகாது என்கிறது அந்த அரசின் நெறிமுறை. தரகன் வாங்கக் கூடாததை ஒப்பந்தம் வாங்கலாமோ?

"நோயாளியின் உயிரோடு விளையாடுவதா? தகுதியைச் சோதிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். பள்ளி ஆசிரியன் நான். தேர்வு வேண்டாம் என்று சொல்வேனா? மருந்தின் அளவை அறியாதவள் ஊசியைத் தொடலாகாது. மருத்துவரின் சொல் விளங்காதவள் வார்டிலே நிற்கலாகாது. சோதியுங்கள், நன்றாகவே சோதியுங்கள்! ஆனால் தேர்வுக்கூடத்தின் வாயிலிலே சுங்கச் சாவடி எதற்கு? அறிவை அளக்கும் கோல் வேறு. மடியைத் துழாவும் கை வேறு. தகுதி என்ற பெயரால் இரண்டையும் ஒன்றாக்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்தத் தடைகள் இயற்கை எழுப்பிய மலைகளல்ல, மனிதர் எழுப்பிய சுவர்கள். சான்று வேண்டுமா? வந்தது 2020. கொரோனா கொள்ளை கொண்டது உயிர்களை. வியாழன்தோறும் மாலையிலே வீட்டு வாயிலில் நின்று செவிலியருக்காகக் கைதட்டினர் பிரிட்டன் மக்கள். அதே நேரத்தில், வெளிநாட்டுச் செவிலியர், தாம் உழைக்கும் அதே மருத்துவத் துறையின் சேவையைப் பெறுவதற்கென்று ஆண்டுக்கு 400 பவுன் தனிக் கட்டணம் செலுத்தும்படி இருந்தது. ஊதியத்திலே வரி, அதற்கு மேலே இந்தக் கட்டணம். கணவனுக்கும் குழந்தைக்கும் தனித்தனியே! கைதட்டல் ஒரு கையில், கட்டணச் சீட்டு மறு கையில்! கண்டனம் எழுந்தது. மே மாதத்திலேயே அக்கட்டணத்திலிருந்து அவர்களுக்கு விலக்களிப்பதாக அறிவித்தது அரசு. பேசினால் பெயரும் சுவர்தான் இது.

அயலானை மட்டும் குறை கூறிவிட்டு அமைதி கொள்ளலாமா? முதற்கதவு நம் வீட்டுக் கதவல்லவா?

2015-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்த அடிப்படையிலே எடுக்கப்பட்ட செவிலியரின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி காற்றோடு போக, 2017 நவம்பரில் சென்னையிலே திரண்டு போராடினர் அவர்கள். தனியார் மருத்துவமனைகளிலோ, பெண்ணின் மூலச் சான்றிதழைப் பெட்டியிலே பூட்டி வைத்துக்கொண்டு வேலை வாங்கும் கொடுமை! ஐம்பது படுக்கைக்கும் குறைந்த மருத்துவமனையாயினும் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆம் ஆண்டு ஆணையையொட்டி அமைந்த குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே, பசி வீட்டிலே!

இந்தப் பசியைப் பிடித்துக்கொள்கிறான் தரகன். வளைகுடா வேலைக்கென இலட்சம் இலட்சமாகக் கறந்த கொடுமை 2015-இல் அம்பலமான பின்னரே, பதினெட்டு நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது மைய அரசு. அதற்கு முந்திய ஆண்டு, ஈராக்கின் திக்ரித் நகரிலே போரின் நடுவே சிக்கினர் 46 இந்தியச் செவிலியர். மாதக்கணக்கில் ஊதியமில்லை, சுற்றிலும் குண்டு வெடிப்பு. அப்போதும், கடனை அடைக்காமல் ஊர் திரும்புவது எப்படி என்று கலங்கினராம் அவர்களில் பலர்! குண்டுக்கு அஞ்சுவதைவிடக் கடனுக்கு அஞ்சும் நிலையை அந்தப் பெண்களுக்கு ஏற்படுத்தியது யார்? நாம் அல்லவா?

"எல்லோரும் போய்விட்டால் இங்கே யார் பார்ப்பது?" என்று அங்கலாய்ப்போரும் உண்டு. கவலை நியாயமானதே. ஆயின் அதற்கு மருந்து சான்றிதழைப் பூட்டுவதா, ஊதியத்தை உயர்த்துவதா? பொறியாளன் போனால் புகழ்மாலை, செவிலி போனால் புலம்பலா? பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் தொழில் என்று அவளை இழிவாகப் பேசிய சமுதாயம், அயல்நாட்டுப் பணம் வந்ததும் பெருமை பேசுகிறது. அவள் உரிமை கேட்டால் மட்டும் "தொண்டு, தியாகம்" என்கிறது!

நாம் கேட்பது சலுகையல்ல. செவிலியரை உருவாக்கும் செலவு நமது. அவள் உழைப்பின் பயன் அவர்களுடையது. எனவே அழைப்பவன் செலவு செய்யட்டும். அந்தச் செலவைக் கயிறாக்கி அவள் காலைக் கட்டாதிருக்கட்டும். நம் குழுமங்கள் கேட்ட சான்றைக் குறித்த நாளில் தரட்டும். சான்றிதழைப் பூட்டுவோர் தண்டிக்கப்படட்டும். 1978 முதல் நம் அரசிடம் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சிற்றூர்ப் பெண்ணின் வாயிலுக்கு வரட்டும். செவிலியர் கல்லூரிதோறும் மொழிப் பயிற்சி இலவசமாகட்டும்.

தேர்வு இருக்கட்டும், தேறியவள் நிமிர்ந்து நடக்கட்டும். நோயுற்றோர் எந்நாட்டவராயினும் கண்ணீர் துடைக்கும் அந்தக் கையிலே, கடன் பத்திரத்தைத் திணிக்கும் கொடுமை ஒழியட்டும்!