ஏ.ஐ. குட்டை உடைக்கும் நிருபருக்குப் படியளப்பது யார்?

ஏ.ஐ. கம்பெனிகளின் குட்டை உடைக்க, ஒரு நிருபர் மாதக்கணக்கில் அலையணும். அதுவரை சம்பளம்? பத்திரிகைகளே கையைப் பிசைகின்றன!

அமெரிக்காவில் புலிட்சர் மையம், இப்படிப்பட்ட நிருபர்களுக்கென்றே 2022-ல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

2023 ஜூலையில் 'ஓப்பன் ஏ.ஐ.' கம்பெனியே பையை அவிழ்த்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றுக்கு 50 லட்சம் டாலர் அறிவித்தது. அதே டிசம்பரில், தன் செய்திகளை அனுமதியின்றி எடுத்துக்கொண்டதாக அந்தக் கம்பெனி மீது 'நியூயார்க் டைம்ஸ்' வழக்குப் போட்டது!

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியவங்க. நிருபர் அப்படி நினைச்சா செய்தி செத்தது!

காசு கொடுத்தது யார் என்பதைச் செய்திக்கு அடியிலேயே அச்சிடட்டும். எடை போடுவதை வாசகர் பார்த்துக்கொள்வார்.