செவ்வாய்க்குத் தண்ணி, தேவ்நாருக்கு டேங்கரா?

போன ஞாயிற்றுக்கிழமை தேவ்நாரில் நம்ம ஆட்கள் நாலு குடும்பம் கூடியிருந்தோம். பேச்சுவாக்கில் செவ்வாயிலிருந்து வந்து விழுந்த கல்லைப் பற்றி ஆரம்பித்தேன். அண்ணாச்சி ஒருவர் உடனே மடக்கினார். "அட போங்க தம்பி! இங்க கோவண்டியில சனம் குடத்தோட நிக்குது. செவ்வாயில தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவரை கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டாள். எனக்கு எரிச்சல் அதில்தான். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் கல்லின் கதை. அது அமெரிக்காக்காரன் கதை இல்லை, நம்ம நாட்டுக் கதை. 1865 ஆகஸ்ட் 25 அன்று, பீகாரில் கயா பக்கம் ஷெர்காட்டி என்ற ஊரில், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள கல் ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அதன் பூர்வீகம் தெரியாது. 1976ல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்தன. அண்டார்டிகாவில் கிடைத்த, ஷெர்காட்டிக் கல்லின் பங்காளி ஒன்றுக்குள் அடைபட்டிருந்த வாயுவும் அதே கலவைதான் என்று 1983ல் தெரியவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த வகைக் கற்களுக்கு 'ஷெர்காட்டைட்' என்றுதான் பெயர்.

கல்லுக்குள் தண்ணீர் எப்படித் தெரியும்? அதற்குள் அபடைட் என்று ஒரு பாஸ்பேட் கனிமம் பொடிப் பொடியாக இருக்கிறது. நம் பல்லின் எனாமல் இதே குடும்பம்தான். செம்பூர் ஆர்.சி.எஃப். ஆலையில் சுஃபலா உரத்துக்கு மூலப்பொருளான ராக் பாஸ்பேட்டும் இதே ஜாதிதான். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதில் கரைந்திருந்த தண்ணீரில் ஒரு பகுதி ஹைட்ராக்சிலாக அபடைட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், குழம்பு புறப்பட்ட ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று சொல்லலாம்.

2012ல் பிரான்சிஸ் மெக்கப்பின் குழு ஷெர்காட்டியையும் அண்டார்டிகாக் கல் ஒன்றையும் வைத்து இப்படிக் கணக்குப் போட்டது. செவ்வாயின் உட்பாறை ஒரு டன்னுக்கு 73 முதல் 290 கிராம் தண்ணீர்! அதிகம் போனால் ஒரு டம்ளர்தானே என்று சிரிக்காதீர்கள். பூமியின் மேல்மூடகத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது, கிரகம் உருவாகும்போதே தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது. இருந்தும் இன்று மேலே வறண்ட பாலைவனம். ஒரு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது, ஒரு பங்கு பாறையில் மாட்டிக்கொண்டது.

இப்போது அண்ணாச்சி கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் இருப்பது வேறு, கிடைப்பது வேறு. செவ்வாய்க்குப் பொருந்துகிற இது தேவ்நாருக்கும் பொருந்தும். மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 390 கோடி லிட்டர் வருகிறது. தண்ணீர் இல்லாமல் சனம் குடத்தோடு நிற்கவில்லை. "நீ இந்தத் தேதிக்குப் பிறகு குடிசை போட்டவன், உனக்குக் கனெக்‌ஷன் கிடையாது" என்று காகிதத்தில் எழுதி வைத்ததால் நின்றது. அங்கீகாரமில்லாத குடிசையில் இருப்பவருக்கும் தண்ணீர் உரிமை உண்டு என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று மாநகராட்சி திட்டம் அறிவிக்க 2022 ஆனது.

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம். 2013ல் கிளம்பிய மங்கள்யானுக்கு மொத்தச் செலவு 450 கோடி ரூபாய். மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், 74,427 கோடி. ஷெர்காட்டிக் கல்லோ ஓசியில் வந்தது! கோவண்டிக் குழாயை அடைத்தவன் விஞ்ஞானியா? வார்டு ஆபீசில் கேட்க வேண்டிய கேள்வியை விஞ்ஞானி தலையில் கட்டினால் மாநகராட்சிக்குத்தான் நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இந்த ஏழை மேல் அக்கறை எப்போது எட்டிப் பார்க்கிறது? பிள்ளை புவியியல், வானியல் என்று வாயைத் திறந்தால் மட்டும். ஐ.ஐ.டி. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டும்போது குடமும் ஞாபகம் வராது, கோவண்டியும் ஞாபகம் வராது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது, பிள்ளைகளுக்கு நம்மைவிட ஒரு கதவு கூடுதலாகத் திறக்கட்டும் என்றுதானே?

பக்கத்து மான்குர்த்தில்தான் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. வானியல் ஒலிம்பியாடுக்கு நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற இடம். அதன் வாசலைத் தாண்டித்தான் நாம் தினமும் வேலைக்குப் போகிறோம். அங்கே என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

அண்ணாச்சி, குடத்தோடு நிற்கிற சனத்துக்காக நிஜமாகவே மனசு அடித்துக்கொண்டால், எம்-ஈஸ்ட் வார்டு ஆபீசுக்கு நாளைக்கே போவோம். மனு நான் எழுதுகிறேன், முதல் கையெழுத்து உங்களுடையது. ஆனால் அந்தப் பெண் விழுங்கின கேள்வியை அவளை இன்னொரு தரம் கேட்க விடுங்கள்.