தோற்கவும் நேரம் கொடுங்க

'நல்லா விளையாடினவங்க நல்ல கோச் ஆக மாட்டாங்க'ன்னு ஒரு பேச்சு உண்டு. டான் ஸ்டேலி கதை தெரிஞ்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.

அமெரிக்க பாஸ்கட்பால் வீராங்கனை. உயரம் ஐந்தரை அடிதான். 1996, 2000, 2004 மூணு ஒலிம்பிக்கிலும் தங்கம். ஆனா வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினப்ப கல்லூரி சாம்பியன் பட்டம் கிடைக்கவே இல்லை. 1991 இறுதிப்போட்டியில், கூடுதல் நேரத்தில் டென்னசியிடம் தோல்வி.

2000-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கோச் ஆனாங்க. 2006 வரைக்கும் கோடையில் ஆட்டம், குளிர்காலத்தில் பயிற்சின்னு ரெட்டை வேலை. 2008-ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகம். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி! ஒன்பதாவது சீசனில், 2017-ல்தான் முதல் பட்டம். அப்புறம் 2022, 2024. அந்த 2024 சீசனில் 38 ஆட்டம், ஒண்ணுகூட தோற்கலை. நடுவில் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கோச்சாவும் தங்கம்.

ஸ்டேலியை எல்லாரும் பாராட்டறோம், சரி. பொறுமையா இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தையும் பாராட்டணும்ங்கறது என் கட்சி. அந்த 18 தோல்வியை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தா, நஷ்டம் யாருக்கு?